விமான நிலையச் சோதனைத் தடங்களும் கணினிப் பாவனையாக்கமும்

விமானப் பயணிகளையும் அவர்தம் கைப்பைகளையும் ஒருவர் விடாமல் சோதித்து அனுப்பும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுப் பழமையே உடையது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் விமானக் கடத்தல்கள் பெருகியதை அடுத்து, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1973 ஜனவரியில் இச்சோதனையை அனைவர்க்கும் கட்டாயமாக்கியது. விமான நிறுவனங்கள் அமர்த்திய தனியார் பணியாளர்களிடம் இருந்த அப்பொறுப்பை, 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் புதிய அரசு அமைப்பிடம் ஒப்படைத்தது. இந்தியாவில், 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் காந்தகாருக்குக் கடத்திச் செல்லப்பட்டதன் தொடர்ச்சியாக, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி நிலையம் நிலையமாக இப்பணியை ஏற்றது.

இவ்வரலாற்றில் கட்டடக் கலைஞர்க்கும் பொறியாளர்க்கும் முதன்மையான செய்தி, விதிகள் கட்டடங்களைவிட விரைவாக மாறுகின்றன என்பதாகும். 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருள் மறைத்து வந்த பயணி ஒருவர் விமானத்திலேயே பிடிபட்டதும், 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் திரவ வெடிபொருள் சதி வெளிப்பட்டதும், காலணி கழற்றுதல், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவங்களைத் தவிர்த்தல் ஆகிய நடைமுறைகளைக் கொண்டுவந்தன. அவற்றுள் காலணி விதியை அமெரிக்கா 2025 ஜூலையில் கைவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு பயணிக்குச் சில விநாடிகளைக் கூட்டியது அல்லது குறைத்தது. முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்க வேண்டிய கூடங்களோ அவ்விநாடிகளை எதிர்பாராமலே கட்டப்பட்டவை. இன்னும் கட்டப்படாத ஒரு சோதனைக் கூடத்தில் எத்தகைய வரிசை எழும் என்பதை முன்னரே அறிய உதவும் கருவியாகக் கணினிப் பாவனையாக்கம், அதாவது ஒரு நடைமுறையைக் கணினிக்குள் பலமுறை நடத்திப் பார்க்கும் முறை, பயன்பட்டு வருகிறது. அக்கருவியிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி எத்தனை தடங்கள் வேண்டும் என்பதே; ஆனால் வேலையில் உள்ள ஏற்ற இறக்கம் எந்த இடத்தில், யாருக்கு, எப்போது வரிசையாக மாறுகிறது என்று கேட்கும்போதுதான் அதன் முழுப்பயன் கிட்டும் என்பது இவ்வுரையின் கருத்து.

சராசரியின் போதாமை

காத்திருப்பைக் கணிதத்தால் ஆராயும் துறை விமான நிலையத்தில் பிறந்ததன்று. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த டென்மார்க்குக் கணித அறிஞர் அக்னர் கிராரூப் எர்லாங், தொலைபேசி அழைப்புகள் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாத நிலையில் எத்தனை இணைப்புகள் போதும் என்பதைக் கணிக்க முற்பட்டு, 1909இல் வெளியிட்ட கட்டுரையே வரிசைக் கோட்பாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் கண்ட உண்மை இன்றும் பொருந்துகிறது: வருகை சீராக இல்லாதபோது, வேலையின் மொத்த அளவு பணித்திறனுக்குள் அடங்கினாலும் காத்திருப்பு உண்டாகவே செய்யும்.

இதை ஓர் எளிய கணக்கு தெளிவாக்கும். ஒரு சோதனைத் தடம் சராசரியாக 24 விநாடிக்கு ஒருவரை, அதாவது மணிக்கு 150 பேரைக் கடத்தவல்லது எனக் கொள்ளலாம். வருகையும் சோதனை நேரமும் வரிசைக் கோட்பாட்டின் அடிப்படை மாதிரி கருதும் அளவுக்கு ஒழுங்கற்றவை என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 120 பேர் வரும்போது, அஃதாவது தடத்தின் திறனில் 80 விழுக்காடு பயன்படும்போது, சராசரிக் காத்திருப்பு 1.6 நிமிடமாக இருக்கும். பயன்பாடு 95 விழுக்காடாகும்போது அது 7.6 நிமிடமாகவும், 98 விழுக்காடாகும்போது 19.6 நிமிடமாகவும் ஏறும். 95இலிருந்து 98க்குச் செல்லக் கூடுதலாக வருவோர் மணிக்கு ஐந்து பேருக்கும் குறைவு; காத்திருப்போ இரண்டரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. ‘திறன் இன்னும் மிச்சமிருக்கிறது’ என்று கணக்கேடு சொல்லும் நேரத்திலேயே கூடத்தில் கூட்டம் திணறுவதற்குக் காரணம் இதுவே.

இதே கணக்கில் மற்றொரு பாடமும் உண்டு. பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜான் கிங்மன் 1961இல் தந்த தோராய வாய்பாடு, காத்திருப்பு பயன்பாட்டு விகிதத்தை மட்டுமன்றி வருகையிலும் சேவை நேரத்திலும் உள்ள ஏற்ற இறக்கத்தையும் சார்ந்தது என்று காட்டுகிறது. மேற்கண்ட தடத்தில் ஒவ்வொருவர்க்கும் மிகச் சரியாக 24 விநாடியே ஆகுமாறு செய்ய முடிந்தால், சராசரி வேகம் சிறிதும் கூடாமலே, 95 விழுக்காட்டுப் பயன்பாட்டில் 7.6 நிமிடக் காத்திருப்பு 3.8 நிமிடமாகப் பாதியாகும். ஆகவே, வேகத்தைக் கூட்டுவதற்குச் சமமான பயன், சில வேளைகளில் அதனினும் மலிவான பயன், ஒழுங்கின்மையைக் குறைப்பதால் விளையும்.

வரிசைக்கு இடம் ஒதுக்கும் பணியில் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி துணைசெய்கிறது. அதன்படி, வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, வருகை வீதத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கக் கிடைப்பதாகும். மணிக்கு 900 பேர் வந்து ஒவ்வொருவரும் 10 நிமிடம் காத்திருந்தால் சராசரியாக 150 பேர் நிற்பர்; ஒருவர்க்கு 1.0 முதல் 1.2 சதுர மீட்டர் வரை என்னும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அளவுகோலைக் கொண்டால், அவ்வரிசைக்கு மட்டும் 150 முதல் 180 சதுர மீட்டர் தேவைப்படும். காத்திருப்பு இருமடங்கானால் இடமும் இருமடங்காக வேண்டும். இல்லையேல் வரிசை உணவுக்கடை வாசலிலோ நுழைவாயிலிலோ போய் முடியும்.

பாவனை மாதிரி இயங்கும் முறை

மேற்கண்ட வாய்பாடுகள் யாவும் நீண்ட நேரம் ஒரே நிலையில் இயங்கும் அமைப்பைக் கருதுபவை. விமான நிலையமோ அத்தகைய நிலைத்தன்மையைக் காண்பதேயில்லை. விடியற்காலைப் புறப்பாடுகளுக்காக ஒரு பேரலை எழுந்து, அது வடியுமுன்னரே அடுத்தது தொடங்குகிறது. குடும்பமாக வருவோர் ஒன்றாகவே நகர்கின்றனர். ஒரு தடம் நடுவில் மூடப்படுகிறது. ஐயத்துக்குரிய பை ஒன்று பிரித்துப் பார்க்கப்படுகிறது. இவை அனைத்தையும் ஒரே வாய்பாட்டில் அடக்க இயலாமையே பாவனையாக்கத்தின் தேவையைத் தோற்றுவித்தது.

சமவாய்ப்பு எண்களைக் கொண்டு சிக்கலான நிகழ்வுகளை மீள நடத்திப் பார்க்கும் மாண்டி கார்லோ முறையை 1940களில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்டானிஸ்லா உலாமும் ஜான் வான் நாய்மனும் வளர்த்தனர். 1961இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன், வரிசையும் சேவையும் கொண்ட அமைப்புகளை விவரிப்பதற்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார். அதே பத்தாண்டில் நார்வேயின் ஓலே யோஹன் தாலும் கிறிஸ்டன் நிகார்டும் படைத்த சிமுலா மொழி பிற்காலக் கணினி மொழிகள் பலவற்றுக்கு வழிகாட்டியது.

இவ்வழியில் அமைந்த மாதிரியில் கணினிக் கடிகாரம் விநாடி விநாடியாக ஓடுவதில்லை. ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவுகிறது. பயணி வந்தார், தட்டு எக்ஸ்ரே பொறிக்குள் நுழைந்தது, உடற்சோதனை முடிந்தது, பை விடுவிக்கப்பட்டது என்பன போன்ற நிகழ்வுகள் காலவரிசையில் ஒரு பட்டியலில் காத்திருக்க, ஒவ்வொன்றும் நடந்தேறியவுடன் தன் விளைவாகிய புதிய நிகழ்வுகளை அப்பட்டியலில் சேர்க்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் என்பது, களத்தில் அளந்து பெற்ற பரவலிலிருந்து, அதாவது எந்த நேர அளவு எத்தனை முறைக்கு ஒருமுறை நிகழ்கிறது என்னும் பட்டியலிலிருந்து, சமவாய்ப்பு எண்ணால் தெரிவு செய்யப்படும். இவ்வாறு ஒரு நாளை ஒருமுறை நடத்திப் பெறும் விடை, நிகழக்கூடிய பல நாட்களுள் ஒன்றை மட்டுமே காட்டுவதால், வெவ்வேறு சமவாய்ப்பு எண் தொடர்களைக் கொண்டு அதே நாள் பலமுறை நடத்தப்பட்டு, விடைகளின் நெடுக்கமும் சேர்த்தே கூறப்பட வேண்டும். ஒரே ஓட்டத்தின் விடையை முடிவாகக் கொள்வது இத்துறையில் மிகப் பரவலான பிழையாகும்.

கூடத்தில் மக்கள் நடந்து நெருங்கி விலகும் விதம் முக்கியமாகும் இடங்களில், டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்நாரும் 1995இல் முன்வைத்த சமூக விசை மாதிரியைப் போன்றவை துணைக்கு வருகின்றன. நடப்பவர் ஒவ்வொருவரும் தம் இலக்கை நோக்கி ஈர்க்கப்படுபவராகவும், பிறரிடமிருந்தும் சுவர்களிடமிருந்தும் விலக்கப்படுபவராகவும் அம்மாதிரியில் கருதப்படுகின்றனர். நிகழ்வுவழி மாதிரி நேரத்தைக் கணக்கிட, இத்தகைய நடைமாதிரி இடத்தைக் கணக்கிடுகிறது.

தடத்தின் உள்ளே

வெளியிலிருந்து பார்ப்போர்க்குச் சோதனைத் தடத்தின் மையம் எக்ஸ்ரே பொறியே என்று தோன்றும். தடத்தை மாதிரியாக்கும்போதோ அது மூன்று கட்டங்களின் தொடராகப் பிரிகிறது. முதற்கட்டத்தில் பயணி மடிக்கணினி, கச்சை, சில்லறை முதலியவற்றை எடுத்துத் தட்டில் இடுகிறார். இரண்டாவதில் தட்டு எக்ஸ்ரே வழியாகவும் பயணி உலோகங்காட்டி வாயில் அல்லது உடல் வருடி வழியாகவும் தனித்தனியே செல்கின்றனர். மூன்றாவதில் இருவழிகளும் மீண்டும் இணைந்து, பயணி தம் பொருள்களை எடுத்து அணிகிறார். இக்கட்டங்களை இணைக்கும் உருளைப் பாதை சில மீட்டர் நீளமே உடையது. எனவே மூன்றாம் கட்டத்தில் தட்டுகள் தேங்கினால் எக்ஸ்ரே பொறி நிற்கும், அது நின்றால் முதற்கட்டமும் நிற்கும். இவ்வாறு ஒரு கட்டத்தின் தேக்கம் தனக்கு முந்திய கட்டத்தை முடக்குவதை அடைப்பு என்பர். விலையுயர்ந்த பொறி ஒன்று, அடுத்த முனையில் ஒருவர் காலணி நாடாவைக் கட்டி முடிக்கும் வரை வேலையின்றி நிற்பதைக் கணினித் திரையில் காண்பது திட்டமிடுவோரின் கவனத்தைப் பொறியிலிருந்து உருளைப் பாதைக்குத் திருப்பிவிடும்.

அமெரிக்காவின் அட்லாண்டா ஹார்ட்ஸ்ஃபீல்டு ஜாக்சன் நிலையத்தில் 2016 மே மாதம் டெல்டா விமான நிறுவனத்தின் செலவில் நிறுவப்பட்ட இரண்டு புதிய தடங்கள் இதற்கு நல்ல சான்றாகும். அவற்றில் ஐந்து பயணிகள் அருகருகே நின்று ஒரே நேரத்தில் தம் தட்டுகளை நிரப்பலாம். முடித்தவர் முடியாதவர்க்காகக் காத்திராமல் தட்டைத் தானியங்கி உருளைகளில் தள்ளிவிடலாம். ஐயத்துக்குரிய பை தனிப்பாதைக்கு ஒதுக்கப்படுவதால் பின்வரும் பைகள் தடைபடா. காலித் தட்டுகள் தாமாகவே முன்முனைக்குத் திரும்பும். இவ்வமைப்பால் தடத்தின் திறன் சுமார் 30 விழுக்காடு கூடும் எனப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. இம்மாற்றங்கள் எவையும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து முடிவுசெய்யும் நேரத்தைக் குறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. மெதுவாக இயங்கும் ஒருவரின் தாமதம் அவரோடு நின்றுவிடுமாறும், பின்னிருப்போரைத் தொடாதவாறும் செய்ததே அத்தடங்களின் பயன். கிங்மனின் வாய்பாடு சுட்டும் ஏற்ற இறக்கம் அங்கே உலோகத்தாலும் உருளைகளாலும் அடக்கப்பட்டது.

இந்தியச் சூழலின் தனித்தன்மை

அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகளை அப்படியே இந்திய நிலையங்களுக்குப் பொருத்த இயலாது. இந்தியாவில் உலோகங்காட்டி வாயிலைக் கடந்தவர்களைக் கைக்கருவியால் சோதிப்பது பெருவழக்கு. பெண்களைத் திரையிட்ட அறையில் பெண் காவலரே சோதிப்பர். இதனால் பயணிகளின் ஓட்டம் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த ஓட்டத்தில் ஒருபுறம் ஓய்ந்திருக்கும் சோதனை மேடை மறுபுறத்தின் நெரிசலுக்கு உதவ முடிவதில்லை.

கற்பனையான ஒரு கூடத்தைக் கொண்டு இதை ஆராயலாம். ஆடவர்க்கு இரண்டு மேடைகளும் மகளிர்க்கு ஓர் அறையும் உள்ளன. ஒவ்வொன்றும் மணிக்கு 150 பேரைச் சோதிக்கும். மணிக்கு 360 பேர் வருகின்றனர். மொத்தத் திறன் 450 ஆதலின் பயன்பாடு 80 விழுக்காடுதான். பயணிகளில் மூன்றில் ஒருவர் பெண் என்னும்போது மகளிர் அறைக்கு 120 பேர் வருவர். மூன்று இடங்களிலும் சுமை சமமாகும். விழாக்காலத்திலோ விடுமுறையிலோ பெண்களின் பங்கு 45 விழுக்காடானால், ஆடவர் மேடைகளின் சுமை 66 விழுக்காடாக இறங்க, மகளிர் அறைக்கு மணிக்கு 162 பேர் வருவர். அறையின் திறனை மிஞ்சிய 12 பேர் ஒவ்வொரு மணியும் வரிசையில் சேர்ந்துகொண்டே இருப்பர். மொத்தப் பயணிகளின் தொகையில் ஒருவர்கூட மாறவில்லை.

இதன் விளைவு மகளிரோடு நிற்பதுமில்லை. சோதனை அறைக்கு வெளியே காத்திருக்கும் பெண்ணின் பை அவருக்கு முன்பே எக்ஸ்ரேயைக் கடந்து மறுமுனையில் கிடக்கிறது. எடுப்பாரின்றித் தட்டுகள் சேரச்சேர உருளைப் பாதை நிரம்பி, பொறி நின்று, ஆடவர் வரிசையும் முடங்குகிறது. இரண்டு ஓட்டங்களுக்கும் பொதுவான பாதை ஒன்று இருப்பதால் ஒன்றன் தேக்கம் மற்றதற்குத் தொற்றுவதை எந்தச் சராசரியும் காட்டாது; பயணியையும் அவர் பையையும் தனித்தனி உருப்படிகளாகத் தொடர்ந்து, இறுதியில் இரண்டையும் இணைக்கும் மாதிரியே காட்டும். இந்நிலையில் கூடுதல் எக்ஸ்ரே பொறி வாங்குவதைவிட மற்றொரு மகளிர் அறையும் போதிய பெண் காவலரும் பயன்தரும் என்னும் முடிவும் அத்தகைய மாதிரியிலிருந்தே பெறப்படும்.

உள்ளீடுகளும் சரிபார்ப்பும்

மாதிரியின் மதிப்பு அதற்குள் இடப்படும் தரவின் மதிப்பைத் தாண்டுவதில்லை. விமான அட்டவணை, ஒவ்வொரு விமானத்துக்கும் பயணிகள் எவ்வளவு முன்னதாக வருகின்றனர் என்னும் பரவல், சோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரம், திரும்பச் சோதிக்கப்படும் பைகளின் விகிதம், பணிமுறை மாற்ற நேரங்கள் ஆகியன இன்றியமையாத உள்ளீடுகள். எந்த நாளுக்காகத் திட்டமிடுவது என்பதும் ஒரு தெரிவே. ஆண்டின் மிக நெரிசலான நாளுக்காகக் கட்டினால் எஞ்சிய நாட்களில் கூடம் வெறிச்சோடும் என்பதால், ஆண்டின் முப்பதாவது நெரிசல் மணியையோ, உச்ச மாதத்தின் சராசரி நாளையோ அளவாகக் கொள்ளும் மரபுகள் உள்ளன. இவற்றுள் எதைக் கொண்டாலும், அதற்கு மேற்பட்ட நாட்களில் நிகழப்போவதை மாதிரியில் நடத்திப் பார்த்து வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை.

தவறான அனுமானத்தின் விலையை அமெரிக்கா 2016 வசந்தத்தில் கண்டது. முன்னரே பின்னணி ஆராயப்பட்ட பயணிகளைச் சுருக்கமான சோதனையோடு அனுப்பும் திட்டத்தில் பெருந்தொகையினர் சேர்வர் என்று எதிர்பார்த்துச் சோதனையாளர் எண்ணிக்கை குறைக்கப்பட்டிருக்க, எதிர்பார்த்த அளவில் மக்கள் சேரவில்லை. சிகாகோ ஓஹேர் நிலையத்தில் வரிசைகள் இரண்டு மணி நேரத்தையும் தாண்டி, பலர் விமானத்தைத் தவறவிட்டனர். மறு ஆண்டே கல்லூரி மாணவர்க்கான பன்னாட்டு மாதிரியாக்கப் போட்டியில் சோதனை முனையின் நெரிசல் ஒரு வினாவாக வைக்கப்பட்டது. ஓர் உள்ளீடு பிழைத்தால் முடிவு எவ்வளவு மாறும் என்பதை அறிய, ஒவ்வொரு உள்ளீட்டையும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கும் உணர்திறன் ஆய்வு இதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

மாதிரிக்கு வெளியே நிற்பவை

முதலாவதாக, பயணிகள் செய்தி அறிந்து நடத்தையை மாற்றிக்கொள்பவர்கள். 2022 டிசம்பரில் தில்லி நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் நெரிசல் முற்றியபோது, உள்நாட்டுப் பயணிகளும் மூன்றரை மணி நேரம் முன்னதாக வருமாறு இண்டிகோ நிறுவனம் அறிவுறுத்தியது. விமானத்தைத் தவறவிடாதிருக்க ஒருவர்க்கு அது நல்ல அறிவுரையே. எல்லாரும் பின்பற்றும்போதோ, பிந்திய விமானத்தின் பயணியும் முந்திய விமானத்தின் பயணியோடு ஒரே நேரத்தில் கூடத்தில் நிற்க நேர்கிறது. வருகைப் பரவலை மாறாததாகக் கொள்ளும் மாதிரி இச்சுழலைக் காணாது. அப்போது எக்ஸ்ரே பொறிகளைக் கூட்டியதோடு காலை நெரிசல் நேரப் புறப்பாடுகளைக் குறைக்கவும் அரசு முற்பட்டது, சோதனை முனையின் சிக்கலுக்கு விமான அட்டவணையிலும் தீர்வு உண்டு என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவதாக, விரைவு மட்டுமே சோதனையின் குறிக்கோளன்று. அரிதாகத் தோன்றும் பொருளைக் கண் தவறவிடும் இயல்பு பற்றி ஜெர்மி வுல்ஃபும் உடனாய்வாளரும் 2005இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், தேடப்படும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 விழுக்காடாக இருந்த தவறு, நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடாக உயர்ந்தது. ஐரோப்பிய விதிகள் எக்ஸ்ரே திரையை ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் பார்க்காதவாறு பணியை மாற்றச் சொல்வதும் கவனம் தளரும் என்பதாலேயே. அம்மாற்றத்துக்கு வேண்டிய ஆட்களையும் இடைவெளிகளையும் விட்டுவிட்டு இயங்கும் மாதிரி, நடைமுறையில் அடைய முடியாத வேகத்தைக் காட்டிவிடும்.

மூன்றாவதாக, வரிசையே ஓர் இலக்காகலாம். 2016 மார்ச் 22இல் பிரஸ்ஸல்ஸ் நிலையத்தில் குண்டுகள் வெடித்தது பாதுகாப்புச் சோதனைக்கு முற்பட்ட, எவரும் நுழையக்கூடிய பகுதியில் ஆகும். அதன்பின், சோதனைக்கு முன் கூடி நிற்போரின் எண்ணிக்கையைக் குறைப்பது வசதியோடு காப்பையும் சார்ந்த அளவாயிற்று. நுழைவாயிலிலேயே சோதனையைத் தொடங்கினால் கூட்டம் மறைவதில்லை, சாலையோரத்துக்கு நகர்கிறது என்பதையும் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டியதாயிற்று.

இவற்றிலிருந்து நடைமுறைக்குரிய மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. திட்ட அறிக்கையில் சராசரிக் காத்திருப்பு என்னும் ஒற்றை எண் போதாது. எந்த நாளில், எந்த நேரத்தில், பயணிகளுள் எந்தப் பிரிவினர் எத்தனை விழுக்காட்டினர் குறித்த வரம்பைத் தாண்டிக் காத்திருப்பர் என்பது கூறப்பட வேண்டும். மாதிரியின் அனுமானங்கள் கட்டடக் கலைஞர், காவல் படையினர், விமான நிறுவனத்தார் ஆகியோர் படித்து மறுக்கக்கூடிய மொழியில் எழுதப்பட வேண்டும். பெண் காவலர் எண்ணிக்கை போதாது என்பதை வரைபடம் வரைபவரைவிட அங்கே பணிபுரிபவரே முதலில் அறிவார். கூடம் திறக்கப்பட்ட பின்னும் மாதிரி கைவிடப்படாமல், உண்மையில் பதிவான நேரங்களைக் கொண்டு ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். அடுத்த விதி மாற்றம் வரும்போது அதன் விநாடிகள் எங்கே வரிசையாகும் என்பதை, பயணிகளை நிறுத்திப் பார்த்து அறியாமல், நடைமுறைக்குக் கொண்டுவருமுன்னரே கணக்கிட அப்போதுதான் இயலும்.